பிஎம்ஐ 28 என்று வந்தால் என்ன செய்வது? உடல் பருமனை அளப்பது முதல் சிகிச்சை வரை முழு வழிகாட்டி

போன வருடம் என் அக்கா முழு உடல் பரிசோதனை செய்துகொண்டாள். வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. ரிப்போர்ட்டில் 'பிஎம்ஐ 28.4, அதிக எடை' என்று அச்சாகியிருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்தான் பிஎம்ஐ. பருமன் என்று போடவில்லையே என்று அவளுக்கு ஒரு நிம்மதி. அங்கிருந்த டாக்டர் தாளை அரை நிமிடம் புரட்டிவிட்டு, "சாப்பாட்டைக் குறைங்கம்மா, நடங்க" என்றார். எதைக் குறைக்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும், குறையாவிட்டால் அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த ரிப்போர்ட்டில் இருந்த அளவுகோல் நம் உடம்புக்கு உரியதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு நானும் அவளும் ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இது டாக்டருக்கு மாற்று ஆகாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க உதவும்.

படி 1: எண்ணைக் கணக்கிடுங்கள்

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்ததால் எடையை வகுத்தால் பிஎம்ஐ. அக்காவின் கணக்கு: 1.58 × 1.58 = 2.496. 71ஐ 2.496ஆல் வகுத்தால் 28.4.

எடையைக் காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, வெறும் வயிற்றில், லேசான உடையில் பாருங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல் சுவரோடு குதிகால் ஒட்டி நின்று அளக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இருந்த உயரத்தையே நாற்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 2 செ.மீ. தப்பாகச் சொன்னாலே பிஎம்ஐ கிட்டத்தட்ட 0.7 மாறிவிடும்.

இந்தச் சூத்திரத்தை முதலில் சொன்னவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதர், 1830களில். அவர் வைத்தியர் கிடையாது. ஒரு மக்கள் கூட்டத்தின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். அதற்குப் 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்ற பெயர் 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் வைத்தது. ஆக, கூட்டத்தை அளக்கப் பிறந்த கருவி இது. தனி ஆளின் கொழுப்பையும் தசையையும் எலும்பையும் பிரித்துச் சொல்ல இதற்குத் தெரியாது. ஜிம்மில் தசை ஏற்றிய இளைஞருக்கு அதிகமாகக் காட்டும். தசை கரைந்த எழுபது வயதுப் பெரியவருக்கு நார்மல் என்று காட்டும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. குழந்தைகளுக்கு வயதும் பாலினமும் சேர்ந்த தனி அட்டவணை இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அதை வைத்துத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படி 2: எந்த வரம்பு உங்களுக்கு உரியது என்று பாருங்கள்

பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டும் மொபைல் ஆப்பும் சொல்வது உலகளாவிய வரம்பு: 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன். தெற்காசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன. 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எண்களில் கவனம் தொடங்க வேண்டும் என்றது. இந்திய மருத்துவர்களின் 2009 ஒருமித்த கருத்து அறிக்கை இன்னும் தெளிவாகவே வகுத்தது: 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதல் பருமன்.

இந்தக் கணக்கில் அக்காவின் 28.4 பருமன்தான். அவள் 'அதிக எடை' என்று நிம்மதிப்பட்ட அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம். 24 உள்ள ஒருவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் இதே தப்புதான்.

ஏன் நமக்கு மட்டும் குறைவு? புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எண் ஒன்று, உடம்பு வேறு. கையும் காலும் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் நம் ஊர் உடல்வாகை அந்த ஒரு படம் விளக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், பிஎம்ஐ 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37.0 சதவீதம். ஐந்து வருடத்துக்குள் இவ்வளவு ஏற்றம் என்றால், லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் நாக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நாம் உண்ணும் பொருளும் வேலையும் தூக்கமும் எல்லாருக்கும் சேர்ந்தே மாறியிருக்கின்றன.

படி 3: இன்ச் டேப்பை எடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் தையல் டேப், எடை மெஷின் சொல்லாததைச் சொல்லும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துச் சொல்வது தப்பு. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள், அதனால் இருபது வருடமாக ஒரே சைஸ் என்ற நம்பிக்கையில் இருப்பார்கள். சேலை கட்டும் இடமும் அப்படித்தான்.

ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. இன்னொரு எளிய வழி, வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு 96 செ.மீ. இருந்தது, 79ஐத் தாண்டியிருக்கவே கூடாது.

குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் இந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது, ரத்தக் கொழுப்பைக் கூட்டுகிறது, கல்லீரலில் படிகிறது. பிஎம்ஐ 23.5 ஆக இருந்து வயிறு 98 செ.மீ. உள்ள ஆண், பிஎம்ஐ 26 ஆக இருந்து வயிறு 84 உள்ளவரைவிட அதிகம் கவலைப்பட வேண்டியவராக இருக்கலாம்.

படி 4: உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்று சோதியுங்கள்

2025 ஜனவரியில் இந்திய நிபுணர்கள் வெளியிட்ட புது வழிகாட்டுதல் பருமனை இரண்டு நிலையாகப் பிரிக்கிறது. எடை கூடியிருந்தும் உறுப்புகளுக்குப் பாதிப்பில்லாதது முதல் நிலை. வயிற்றுக் கொழுப்பும் அதனால் வந்த நோயோ உடல் சிரமமோ சேர்ந்திருந்தால் இரண்டாம் நிலை. அதே மாதம் வெளிவந்த சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கையும் இதே திசையில்தான் பேசுகிறது. சிகிச்சையின் வேகத்தை எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, பாதிப்பைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சாரம்.

அதனால் கேட்க வேண்டிய சோதனைகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்தக் கொழுப்பு, கல்லீரல் என்சைம்கள், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு, ரத்த அழுத்தம். தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்கள், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுபவர்கள் தூக்கப் பரிசோதனையையும் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஓலான்சபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். தைராய்டு பற்றி ஒரு வார்த்தை: அது குறைந்தால் சில கிலோ ஏறும், அதிலும் நிறையப் பங்கு நீர். இருபது கிலோ ஏறியதற்குத் தைராய்டை மட்டும் காரணமாகப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அக்காவுக்கு ஹெச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. கல்லீரலில் கொழுப்பு. மூட்டு வலி.

படி 5: இலக்கை உடம்புக்கு ஏற்றபடி வையுங்கள்

பிஎம்ஐ 23க்கு வர அக்கா 57 கிலோ ஆக வேண்டும். 14 கிலோ. அந்த எண்ணைக் கேட்டதுமே அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் பலன் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும் என்று இல்லை. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 10 சதவீதத்தில் கல்லீரலின் வீக்கமும் தணிய ஆரம்பிக்கும். அக்காவுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரை கிலோ. அதை ஆறு மாதத்தில் எட்டலாம் என்றபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் தைரியம் தந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடையில் மாற்றம் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. மெஷின் முள் நகராத மாதத்திலும் உடம்புக்குள் நல்லது நடக்கிறது.

படி 6: தட்டை மாற்றுங்கள்

நம் சாப்பாட்டுச் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்றும் அரிசி. கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள மட்டும். இந்த விகிதத்தைத் திருப்புவதுதான் வேலை.

தட்டில் பாதி காய் இருக்கட்டும்: பொரியல், கூட்டு, கீரை. உருளையும் மரவள்ளியும் இந்தப் பாதியில் வராது. கால் பங்கு புரதம்: பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, பனீர். மீதிக் கால் பங்குதான் சோறு. சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள், காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். அக்கா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வது இதனாலேயே தானாக நின்றது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் எட்டு ஒன்பது கிராம். மாலை நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்பதைவிட எளிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணெயை ஒரு மாதத்துக்குக் கணக்கெழுதுங்கள். நாலு பேர் வீட்டில் 4 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு 1 லிட்டர்; ஒரு நாளைக்கு ஏறக்குறைய 275 கலோரி, தாளிப்பிலும் பொரிப்பதிலும் மட்டும். கடையில் வாங்கித் தின்றது இதில் சேரவில்லை. செக்கெண்ணெய் என்றாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தினம் நாலு காபி, தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 150 கலோரிக்கு மேல். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் இதே கணக்குத்தான். அம்மாவிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

சிறுதானியம் நல்லது, நார்ச்சத்து அதிகம். ஆனால் வரகோ தினையோ அரிசிக்குச் சமமான கலோரி கொண்டவை. தினைப் பொங்கலில் நெய்யை ஊற்றி மூன்று கரண்டி சாப்பிட்டால் எடை குறையாது.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்க முடிந்தால் நல்லது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் நேரத்தைவிட அளவைக் கவனிக்கட்டும். பட்டினி கிடப்பது, வெறும் ஜூஸில் ஒரு வாரம் ஓட்டுவது எல்லாம் தசையைக் கரைத்து, எடையை வட்டியோடு திருப்பித் தரும். பிரிட்டனில் நாளுக்கு 850 கலோரிக்குள் தந்து நடந்த ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் நோய் அடங்கியது உண்மை. அது முழுக்க மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வீட்டில் தானாகச் செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும்.

படி 7: நடையோடு தசையும்

வாரம் 150 நிமிடம் வேக நடை என்பது அடிப்படை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நடையால் மட்டும் எடை அதிகம் இறங்காது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. இறங்கிய எடையைப் பிடித்து நிறுத்துவதில்தான் அதன் பலம் தெரியும்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது போதும். மூட்டு வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே செய்யலாம். அப்புறம் தூக்கம்: ஏழு மணி நேரம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

படி 8: மருந்து எப்போது?

மூன்று முதல் ஆறு மாதம் உண்மையாக முயன்றும் 5 சதவீதம் குறையவில்லை என்றால், அல்லது சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு, கல்லீரல் பாதிப்பு ஏற்கெனவே இருந்தால், மருந்து பற்றிக் கேட்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. எடை குறையும்போது உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, கலோரிச் செலவைக் குறைக்கிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் மிகவும் மெலிந்தவர்களை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. இதோடு மன உறுதியால் மட்டும் எத்தனை காலம் போராட முடியும்?

பழைய மருந்து ஆர்லிஸ்டாட். சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதம் உடலில் சேராமல் தடுக்கும். பலன் சில கிலோதான். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் மலத்தில் எண்ணெய் கசியும்.

இன்று எல்லாரும் பேசுவது வாரம் ஒரு ஊசி. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கு 'போதும்' என்று சொல்கிறது. செமாக்ளூடைட் 2.4 மி.கி. எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள். டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். எடைக்கென்று இவை இந்தியாவுக்கு வந்தது 2025இல்: மார்ச்சில் மவுஞ்சாரோ (டிர்செபடைட்டின் கடைப் பெயர்), ஜூனில் வீகோவி (செமாக்ளூடைட்டின் கடைப் பெயர்). மவுஞ்சாரோவின் 2.5 மி.கி. குப்பி அறிமுக விலை 3,500 ரூபாய், வாரம் ஒன்று. செலவை மாதக் கணக்கில் பார்க்காமல் வருடக் கணக்கில் பாருங்கள், ஏனென்றால் செமாக்ளூடைட் ஆய்வில் நிறுத்திய ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி ஏறுவது போலத்தான்.

டிர்செபடைட்டுக்கான தகுதி பிஎம்ஐ 30, அல்லது 27ஓடு ஒரு தொடர்புள்ள நோய். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆரம்பத்தில் சகஜம். மெல்ல மெல்ல அளவைக் கூட்டுவது அதற்காகத்தான். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சி. நிற்காத கடும் வயிற்று வலி வந்தால் உடனே மருத்துவமனை. குடும்பத்தில் மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். மயக்க மருந்து கொடுக்கும் எந்த அறுவைக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள். குறையும் எடையில் தசையும் அடங்கும் என்பதால் புரதமும் தசைப் பயிற்சியும் இங்கே இரட்டிப்பு முக்கியம்.

தெரிந்தவர் தந்தார், இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். மூலிகைப் பொடி, ஸ்லிம் காபி என்று விற்பவற்றில் சிபுட்ரமின் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும், தொடர்ந்து இந்தியாவும் விலக்கிய மருந்து அது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று யார் சொன்னாலும் விலகி நில்லுங்கள்.

படி 9: அறுவை சிகிச்சை

2022இல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் புதுப்பித்த பரிந்துரைப்படி, பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 30 முதல் 35க்குள் சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். ஆசியர்களுக்கு 27.5இலேயே பேசத் தொடங்கலாம் என்கிறது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியைக் குழாய் போல ஆக்குகிறார்கள். பசி ஹார்மோன் கிரெலின் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். பைபாஸில் இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரைக்கும் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்தது. அனுபவமுள்ள இடங்களில் அறுவையால் நேரும் மரணம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு அளவில்தான் என்றாலும், தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, ரத்தக் கட்டி ஆகியவற்றைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருடத்துக்கு எத்தனை அறுவை செய்கிறீர்கள், ஐந்து வருடம் கழித்தும் எங்களைத் தொடர்ந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி வாழ்நாள் முழுக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். மது சீக்கிரம் ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடும்.

காப்பீட்டில் ஒரு சிக்கல். மருத்துவக் காப்பீட்டுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி பிஎம்ஐ 40, அல்லது 35ஓடு கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருந்தால்தான் எடைக்கான அறுவைக்குப் பணம் மறுக்கப்படாது. நம் மருத்துவர்கள் நமக்கென்று வகுத்த எண்களை இந்த விதி கணக்கிலேயே எடுக்கவில்லை. இது மாற வேண்டும் என்று மனமார நினைக்கிறேன். உங்கள் பாலிசியை முன்பே படித்து, முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

படி 10: குறைந்த பிறகு

அக்கா மருந்து வரை போகவில்லை. ஒன்பது மாதத்தில் 66 கிலோ, வயிறு 89 செ.மீ., ஹெச்பிஏ1சி 5.7. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. அடுத்த முறை ஏறினால் ஊசியைப் பற்றிப் பேசத் தயார் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். இவர் புது டாக்டர். முதல் சந்திப்பிலேயே டேப்பை எடுத்து அளந்தவர்.

எடை திரும்புவது ஒரே நாளில் தெரியாது. தீபாவளிக்கு ஒரு கிலோ, ஒரு கல்யாணத்துக்கு அரைக் கிலோ என்று ஏறும். அதனால் ஒரு எச்சரிக்கை எண்ணை முன்பே எழுதி வையுங்கள்: எட்டிய எடைக்கு மேல் இரண்டு கிலோ. அதைத் தொட்டால் அந்த வாரமே பழைய உணவுக் குறிப்பை எடுக்க வேண்டும், ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். அக்காவின் எண் 68. அவள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் எடையும், மாதத்தின் முதல் ஞாயிறில் வயிற்றுச் சுற்றளவும் பென்சிலால் எழுதியிருக்கும்.